அலை வந்து நிரப்பும் குளங்கள்

இன்று சிட்னி நகரின் கிழக்குக் கரையில் உள்ள கூஜிக்குப் போவோம். நகரின் மையத்திலிருந்து 8 கிலோமீட்டர்தான். பேருந்து கடற்கரையிலேயே இறக்கிவிடும். கடலைப் பார்த்து நின்றுகொண்டு, வலது கைப் பக்கம், அதாவது தெற்கே நடக்கத் தொடங்குங்கள்.

மணல் முடிந்து பாறை தொடங்கும் இடத்தில் ஒரு சின்னக் குளம். பாறைக்கும் அலைக்கும் நடுவே கான்கிரீட் சுவர் எழுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நுழைவுக் கட்டணம் கிடையாது, காவலாளி கிடையாது. கடல் ஏறும்போது அலை சுவரைத் தாண்டி உள்ளே விழுந்து பழைய தண்ணீரை மாற்றிவிட்டுப் போகும். வற்றும்போது சுவர் தலைகாட்டும்; உள்ளே தண்ணீர் அசையாமல் நிற்கும். அந்த நேரத்தில்தான் பிள்ளைகளும் முதியவர்களும் இறங்குவார்கள். குளோரின் வாடை இல்லை, இழுத்துப் போகும் நீரோட்டம் இல்லை, சுறா பயம் இல்லை. பாசி மட்டும் வழுக்கும். அதனால் நகராட்சி ஊழியர்கள் அவ்வப்போது குளத்தை வடித்துவிட்டுத் தேய்த்துக் கழுவுகிறார்கள்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் கரையில் இப்படிச் சுமார் 100 குளங்கள் உண்டு. 1930-களின் பொருளாதார நெருக்கடியில் வேலையிழந்தவர்களுக்குக் கூலி கொடுக்க அரசு எடுத்த பணிகளில் எழுந்தவை அவற்றில் பல.

பாதை குன்றில் ஏறுகிறது. அடுத்து மகளிர் குளம், மெக்கைவர்ஸ் என்பார்கள். 1886-ல் கட்டியது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும்தான் அனுமதி. பாதையிலிருந்து பார்த்தால் குளம் தெரியாதபடி சரிவும் செடிகளும் மறைக்கின்றன. 1920-களிலிருந்து ஒரு பெண்கள் நீச்சல் சங்கமே நடத்துகிறது. ஆண்களை விலக்குவது பாகுபாடு ஆகாதா என்ற கேள்வி எழுந்தது. 1995-ல் பாகுபாட்டுத் தடைச் சட்டத்திலிருந்து இதற்கு விலக்கு கிடைத்தது. நெடுங்காலம் கட்டணம் வெறும் 20 சென்டாக இருந்தது. முஸ்லிம் பெண்கள், கன்னியாஸ்திரிகள், அறுவை சிகிச்சைத் தழும்போடு வருகிறவர்கள் என, வேறெங்கும் நீருக்குள் இறங்கக் கூச்சப்படும் பலருக்கு இதுதான் கடல்.

இன்னும் கொஞ்சம் நடந்தால் வைலீஸ் குளம். பாறைக்கு மேல் மரக்கால்களில் நிற்கும் நடைமேடை, கீழே 50 மீட்டர் நீச்சல் குளம். 1907-ல் ஹென்றி வைலி கட்டினார். இங்கே ஆணும் பெண்ணும் சேர்ந்தே குளிக்கலாம் என்றது அந்தக் காலத்தில் பெரிய செய்தி. ஏனென்றால் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்வரை, பிறர் பார்வையில் படும்படி பகலில் கடலில் குளிப்பதே சட்டப்படி குற்றம். 1902-ல் மேன்லி கடற்கரையில் வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகை ஆசிரியர், முன்கூட்டியே அறிவித்துவிட்டு நண்பகலில் கடலில் இறங்கினார். மறு ஆண்டு அங்கே தடை தளர்ந்தது.

ஹென்றி வைலியின் மகள் மினா. ஆண்கள் பார்க்கும் போட்டியில் பெண்கள் நீந்தக் கூடாது என்று மாநிலப் பெண்கள் நீச்சல் சங்கமே விதி வைத்திருந்த காலம் அது. பொதுமக்கள் குரல் எழுப்பிய பிறகு விதி இளகியது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்களுக்கு நீச்சல் போட்டி. 100 மீட்டரில் ஃபேனி டூராக் தங்கம், மினா வைலி வெள்ளி.

குளம் இருந்தால் மட்டும் போதாது, யாரை உள்ளே விடுகிறார்கள் என்பதும் முக்கியம். வடக்கே நியூகாசில் நகரில் போகி ஹோல் என்ற குளத்தை 1819 வாக்கில் கைதிகள் பாறையில் வெட்டினார்கள், அதிகாரி ஜேம்ஸ் மோரிசெட் குளிப்பதற்காக. பொதுமக்களுக்கு அது திறந்தது 1863-ல். உள்நாட்டு ஊரான மோரியில் நகராட்சிக் குளத்திலிருந்து பூர்வகுடி மக்களை விலக்க 1955-ல் தீர்மானமே போட்டார்கள். 1965 பிப்ரவரியில் சார்ல்ஸ் பெர்கின்ஸ் என்ற பூர்வகுடி மாணவர், சிட்னி பல்கலைக்கழக நண்பர்களோடு பேருந்தில் போய், பூர்வகுடிக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு அந்த வாசலில் நின்றார். கூச்சல், கைகலப்பு எல்லாம் நடந்த பிறகே கதவு திறந்தது.

இன்று தடை சட்டத்தில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. நம் தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் ஹோம்புஷ், துங்காபி பகுதிகள் கடலுக்கு எதிர்ப்பக்கம். அங்கிருந்து இரண்டு வண்டி மாறித்தான் வர வேண்டும்.

அந்தப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கிவிட்டு, பிள்ளைகளையும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு கூஜிக்கு வாருங்கள். கடல் ஏற்ற நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அலை சுவரைத் தாண்டி ஓங்கி அடித்தால் இறங்க வேண்டாம். பெருமழை பெய்த மறுநாளும் வேண்டாம். சாக்கடை நீர் கடலில் கலந்திருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே கோடைக்காலம்.