கரு ஏன் கலைகிறது?

(துணை சுகாதார நிலையத்தில் நடந்த தம்பதியர் கூட்டத்தில் கிராம சுகாதார செவிலியர் பேசியது)

வாசலில் நிற்கிற அண்ணன்மார்கள் உள்ளே வந்து உட்காருங்கள். இன்றைக்குப் பேசப்போவது பாதிக்கு மேல் உங்களுக்குத்தான்.

ஒரு வீட்டில் நாள் தள்ளிப் போகிறது. எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ உதிரம் பட்டு, கரு கலைந்துவிடுகிறது. அன்றைக்கே விசாரணை ஆரம்பம். "பஸ்ஸிலே போகாதேன்னேன், கேட்டாளா?" "பப்பாளி தின்னிருப்பா." "கிரகணத்தன்னிக்கு வெளியே வந்தா." இப்படி எல்லாப் பேச்சும் ஒருத்தி தலையில்தான் விடிகிறது.

இரண்டு தடவை கலைந்த ஒரு பெண், மூன்றாம் தடவை முழுகாமல் இருப்பதை வீட்டில் சொல்லவே இல்லை. உதிரம் பட ஆரம்பித்து நான்காம் நாள், மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ரத்தம் ஏற்றித்தான் பிழைத்தாள். "சொன்னா திரும்பவும் ஏசுவாங்கக்கா" என்றாள். அந்த ஏச்சுதான் அவளைக் கொல்லப் பார்த்தது.

உண்மை என்ன? தெரியவருகிற கர்ப்பங்களில் 100-க்கு 10 முதல் 20 வரை தானாகவே கலைகின்றன. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்திற்குள். அதில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவிலேயே இருக்கிறது. குரோமோசோம் என்று நூல் மாதிரி ஒன்று. தாயிடமிருந்து 23, தகப்பனிடமிருந்து 23 சேர்ந்து 46 ஆக வேண்டும். கரு உண்டாகிற அந்த நேரத்திலேயே ஒன்று கூடியோ குறைந்தோ போனால், அந்தக் கரு பெரும்பாலும் வளராது. விதை ஆணுடையது, நிலம் பெண்ணுடையது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அது சரியில்லை. விதையிலேயே பாதி அவள், பாதி அவன். இது யார் செய்த தப்பும் இல்லை. அடுத்த தடவையும் இப்படியே ஆகும் என்றும் இல்லை. தாய்க்கு 35 வயது தாண்டினால் இது கொஞ்சம் கூடுகிறது.

வீட்டு வேலை, பஸ் பயணம், பழுத்த பப்பாளி, கிரகணம் இவையெல்லாம் கருவைக் கலைப்பதில்லை. பூச்சி மருந்து அடிக்கிற வேலைக்கு மட்டும் கர்ப்பிணியை அனுப்பாதீர்கள்.

வைத்தியம் பார்க்கக்கூடிய காரணங்களும் உண்டு. கட்டுப்படாத சர்க்கரை, தைராய்டு கோளாறு, மலேரியா போன்ற காய்ச்சல். மேகநோய் இருந்தால் கரு கலையலாம், பிள்ளை வயிற்றிலேயே இறக்கலாம். அதற்குப் பென்சிலின் ஊசி இருக்கிறது. ஆனால் புருஷனும் சேர்ந்து போட்டுக்கொள்ள வேண்டும். அவர் மட்டும் நழுவிவிட்டால் நோய் திரும்பவும் வரும். சிலருக்குக் கர்ப்பப்பை வாய் பலமில்லாமல் நான்கைந்து மாதத்தில் கலையும். அதற்குத் தையல் போடுகிறார்கள். புகையிலை, சாராயம் இரண்டும் கெடுதல். வீட்டுக்குள் பீடி பிடித்தால் அந்தப் புகை அவளுக்கும்தான். வயிற்றில் அடியும் உதையும் பட்டுக் கலைந்த கருவும் உண்டு. அதற்கு யாரிடம் காரணம் கேட்பது?

இரண்டு, மூன்று தடவை கலைந்திருந்தால் புருஷன், மனைவி இருவரும் சேர்ந்தே பரிசோதனைக்கு வாருங்கள். அவளை மட்டும் அனுப்பிவிட்டு, இன்னொரு பெண் பார்க்கிற யோசனை வேண்டாம்.

உதிரம் பட்டால் அன்றைக்கே சொல்லுங்கள். மணிக்கு இரண்டு துணி நனைகிற மாதிரி போனாலோ, காய்ச்சல், துர்நாற்றம், மயக்கம், அடிவயிற்றில் ஒரு பக்கமாகத் தாங்க முடியாத வலி இருந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். வயிறு கழுவ என்று நாட்டு மருந்து கொடுக்காதீர்கள். அவளுடைய ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தேவையென்றால் மூன்று நாளைக்குள் ஓர் ஊசி போடவேண்டி வரும்.

கலைந்த இரண்டு வாரத்திலேயே மறுபடி கரு தங்கக்கூடும். உடம்பு தேற அவகாசம் வேண்டுமென்றால் ஆணுறையோ மாத்திரையோ இங்கேயே இலவசமாகத் தருகிறோம். சபையில் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள், கூட்டம் கலைந்ததும் ஜோடியாக உள் அறைக்கு வாருங்கள். சாயங்காலம் வரை இருப்பேன்.