மழை நிறுத்திய நடை
(வீர நிர்வாணத் திருநாள் விழாவில் ஆற்றிய உரை)

 

சமணமும் நடைப்பயணமும் என்னும் பொருளில் பேசப் பணித்திருக்கிறீர்கள். நடப்பதன் பெருமையை நாம் அனைவரும் அறிவோம். நடவாது நிற்பதன் பெருமையைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

நம் முனிவர்கள் வாகனம் ஏறார், காலணி அணியார், நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கியவாறே அடி பெயர்ப்பர். ஐந்து சமிதிகளுள் முதலாவதாகிய ஈரியா சமிதி இதுவே. இங்ஙனம் ஊர் ஊராகச் செல்வோர், மழைக்காலத்தில் மட்டும் ஓரிடத்தில் தங்கிவிடுகின்றனர். ஆஷாட வளர்பிறைச் சதுர்த்தசியில் தொடங்கும் இந்த வர்ஷாயோகம், தீபாவளியை ஒட்டி நிறைவுறும். ஈர மண்ணில் முளைக்கும் புல்லும் ஊரும் சிற்றுயிரும் காலடியில் மடியலாகாது என்பதே இதன் காரணம்.

இக்கருத்தைத் தமிழில் அழகுறக் காட்டுவது சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதை. புகாரிலிருந்து மதுரைக்கு நடந்த மூவருள் ஒருவர் நம் கவுந்தியடிகள். வழியின் இடர்களைக் கோவலனுக்கு எடுத்துரைக்கும் அவர், நீர்க்கரைப் பாதையில் நண்டும் நத்தையும் நம் காலடி பட்டு வருந்தினால் அத்துன்பம் தாங்கவொண்ணாதது என்கிறார். காவிரி நாட்டில் அம்மூவரும் ஒரு நாள் நடந்தால் ஒரு காதமே நடந்தனர். நடந்த நாள்களினும் தங்கிய நாள்களே மிகுதி என்றும் அக்காதை கூறுகிறது. விரைவு அவர்களுடைய அறம் அன்று.

இங்கே நாம் எண்ண வேண்டிய ஒன்று உண்டு. வர்ஷாயோகக் காலம் வடநாட்டின் தென்மேற்குப் பருவமழைக்கு ஒத்தது. காவிரிப் படுகைக்குப் பெருமழை தருவதோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை. முனிவர்கள் விரதம் முடித்துப் புறப்படும் வேளையில்தான் நம் வயல்கள் நிறைகின்றன. விதியின் நாள் முடிந்தது. விதியின் காரணம் முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகைத் திங்களில், மன்னார்குடி மல்லிநாதரைத் தொழுது நாங்கள் பதினொருவர் நடந்தே புறப்பட்டோம். கலிங்கத்துப்பரணி பாடிய செயங்கொண்டாரின் ஊர் என மரபு போற்றும் தீபங்குடிக்குச் சென்று வழிபட்டு, கும்பகோணம் சந்திரப்பிரபர் ஆலயம் செல்வது எண்ணம். குடவாசலை அடைந்த இரவு தொடங்கிய மழை மறுநாளும் விடவில்லை.

"ஐயா, பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்தில் கும்பகோணம் போய்விடலாமே?" என்றார் இளைஞர் ஒருவர். "இல்லையென்றால் குடை பிடித்து நடப்போம்" என்றார் மற்றொருவர். எங்களுள் மூத்த அம்மையார் வாயிலைக் காட்டினார். தெருவில் முழங்கால் நீர். வாய்க்கால் எது, சாலை எது என்று தெரியவில்லை. படிக்கட்டில் நத்தைகளும் மரவட்டைகளும் ஏறிக்கொண்டிருந்தன. "அவை ஒதுங்க வந்திருக்கின்றன. நாமும் ஒதுங்கத்தானே வந்தோம் தம்பி? இன்றைக்கு இருப்போம்" என்றார். அதன்பின் எவரும் மறுத்துப் பேசவில்லை.

வெங்காயம், பூண்டு, கிழங்கு சேர்க்காமல், பொழுது சாயுமுன் சமைத்துத் தர வேண்டும் என்று மண்டபத்துச் சமையற்கார அம்மையாரிடம் கேட்டோம். சைவக் குடும்பத்தவரான அவர் சற்றே வியந்தார். ஆனால் கதிரவனே தெரியாத அந்நாளில், நாட்காட்டியில் அத்தமன நேரம் பார்த்து, ஐந்து மணிக்கே இலை போட்டு மிளகு ரசமும் வாழைக்காய்ப் பொரியலும் பரிமாறினார். நம் விரதத்தை அன்று காத்தவர் அவரே.

குடவாசல் என்றதும் தமிழ் பயின்றோர்க்கு மற்றொன்றும் நினைவில் எழும். சோழன் செங்கணான் சேரமான் கணைக்கால் இரும்பொறையைச் சிறைவைத்த குடவாயிற் கோட்டம் இவ்வூரே என்பர். காலந்தாழ்த்தித் தந்த நீரைப் பருகாது மானம் காத்தான் அம்மன்னன். பிறர் நிறுத்த நிற்பது சிறை. பிற உயிர்க்காகத் தானே நிற்பது நோன்பு. அன்று பிற்பகல் நாடுகாண் காதையை நான் படிக்க, முன்னர்ப் பேருந்தைப் பற்றிக் கேட்ட இளைஞரே நண்டும் நத்தையும் வரும் பகுதியை மீண்டும் படிக்கச் சொன்னார்.

இல்வாழ்வார்க்கு இதில் ஒரு கடமை உண்டு. முனிவர் நிற்க வேண்டுமானால் அவருக்கு நிற்க இடம் வேண்டும். காவிரிப் படுகையில் இன்று நம் குடும்பங்கள் மிகச் சிலவே. வழியில் அவரை எதிர்கொள்ளும் இல்லங்கள் அரியன. ஆகவே தீபங்குடி, மன்னார்குடி, கும்பகோணம், தஞ்சைக் கரந்தை ஆகிய ஊர்களின் ஜினாலயங்களை ஒட்டி, ஒழுகாத ஓர் அறை, வடிகட்டிய நீர், பொழுது சாயுமுன் உணவளிக்கும் பொறுப்பாளர் ஒருவர் என்னும் மூன்றையும் ஐப்பசிக்கு முன்னரே உறுதிசெய்ய வேண்டுகிறேன். பெருஞ்செலவு பிடிக்கும் செயல் அன்று இது. ஆனால் இடம் இல்லாதபோது, நடக்கக் கூடாத நாளிலும் நடக்கும்படி முனிவரை நாமே தள்ளியவர் ஆவோம்.

முப்பது ஆண்டுகள் நடந்து நடந்து அறமுரைத்த வர்த்தமானப் பெருமான் பாவாபுரியில் வீடுபேறு எய்திய நாள் இது. இன்று ஏற்றும் விளக்குகளுள் ஒன்றை, வழியில் மழையில் நிற்போர்க்காக ஏற்றுவோம்.