தலையாட்டியும் கமராவும்

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நல்ல நாளில் இந்தக் கதை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். எங்கட பிள்ளைகள் நடமாடும் தெருவைப் பற்றிய கதை என்பதால் சொல்கிறேன்.

முகத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் கமராவை லண்டன் பொலிஸார் 2020 ஆம் ஆண்டு தொடக்கம் தெருக்களில் பாவித்து வருகிறார்கள். வானின் மேல் கமரா பூட்டியிருக்கும். அவ்வழியால் போகும் ஒவ்வொரு முகத்தையும் கொம்பியூட்டர் அளந்து, தேடப்படுவோர் பட்டியலோடு ஒப்பிடும். பொருந்தாத முகங்களை உடனே அழித்துவிடுவதாகப் பொலிஸ் சொல்கிறது. நல்லது. ஆனால் ஒரு குற்றமும் செய்யாத அத்தனை பேரையும் சோதித்த பிறகுதானே அழிக்கிறார்கள்?

ஊரில் சுற்றிவளைப்பு நடந்தால் சனத்தைக் கோயில் வீதியில் வரிசையாக நடத்துவார்கள். முகமூடி போட்ட தலையாட்டி பார்த்துக்கொண்டிருப்பான். அவன் தலையை ஆட்டினால் அவ்வளவுதான். இந்த நாட்டுப் பொலிசும் அந்த இராணுவமும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. இங்கே சட்டத்தரணி உண்டு, நீதிமன்றம் உண்டு. ஆனால் பிழையான ஒரு தலையாட்டலுக்குப் பிறகு, "நான் அவனில்லை" என்று நிரூபிக்கும் சுமை அப்பாவியின் தலையில்தான் விழுகிறது.

மெஷின் பிழை விடாதோ? முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று மென்பொருள்களை 2018 இல் ஆய்வு செய்தார்கள். வெள்ளை நிற ஆண்களில் பிழை 0.8 வீதத்தைத் தாண்டவில்லை. கறுத்த பெண்களில் 34.7 வீதம் வரை போனது. மென்பொருள்கள் பிறகு திருந்தின. ஆனாலும் 2020 ஜனவரியில் அமெரிக்காவின் டிட்ரோயிட் பகுதியில், களவுக் கமராப் படத்தை மெஷின் பிழையாகப் பொருத்தியதால், கறுப்பினத் தகப்பன் ஒருவர் மனைவி பிள்ளைகளுக்கு முன்னால் விலங்கிடப்பட்டு, ஏறக்குறைய 30 மணித்தியாலம் தடுத்து வைக்கப்பட்டார்.

"களவெடுக்காதவனுக்கு என்ன பயம்?" என்று கேட்கிறார்கள். நாங்கள் களவெடுத்தோ அடையாள அட்டையோடு சென்றியில் நின்றனாங்கள்?

எதிர்க்கலாம், வெல்லவும் முடியும். கார்டிஃப் நகரில் எட் பிரிட்ஜஸ் என்பவர் பொலிசுக்கு எதிராக வழக்குப் போட்டார். பட்டியலில் யாரைப் போடுவது, கமராவை எங்கே வைப்பது என்பதைப் பொலிசாரின் விருப்பத்துக்கு அளவுமீறி விட்டது பிழை என்றும், மென்பொருள் இனம், பால் பார்த்து ஓரவஞ்சனை செய்கிறதா என்று சரியாக ஆராயவில்லை என்றும் 2020 ஆகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதோடு கமரா ஒழியவில்லை. விதிகளைத் திருத்திக்கொண்டு தொடர்ந்தார்கள். ஆகவே அலுவல் இன்னும் முடியவில்லை.

சான் பிரான்சிஸ்கோ நகரசபை 2019 இல் தன் பொலிசுக்கும் திணைக்களங்களுக்கும் இதைத் தடை செய்தது. அங்கே முடிந்தது இங்கேயும் முடியும். உங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இங்கிலிஷ் கஷ்டமென்றால் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். அகதி விண்ணப்பத்தோடு கைரேகை கொடுத்தனாங்கள், ஏனென்று தெரிந்து கொடுத்தனாங்கள். தெருவில் போகும்போது முகத்தைக் கேளாமல் எடுப்பது வேறு விஷயம்.