லொசான் உடன்படிக்கையும் அயல்நாட்டுப் பத்திரிகைகளும்

கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையிலான கட்டாய மக்கள் பரிமாற்ற உடன்படிக்கை 1923 ஜனவரி 30 அன்று சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் கையெழுத்தானது. யார் போக வேண்டும், யார் இருக்கலாம் என்பதை மதமே தீர்மானித்தது. துருக்கி மொழி பேசிய அனதோலியக் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும், கிரேக்க மொழி பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்கும் அனுப்பப்பட்டார்கள். இஸ்தான்புல் கிரேக்கர்களுக்கும் மேற்குத் திரேஸ் முஸ்லிம்களுக்கும் விலக்கு கிடைத்தது. மொத்தத்தில் சுமார் 12 லட்சம் கிறிஸ்தவர்களும் 4 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான முஸ்லிம்களும் ஊரை இழந்தார்கள். அவர்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை.

கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் உடன்படிக்கைக்கு முன்பே கிரேக்க-துருக்கிப் போருக்கு அஞ்சி ஓடியவர்கள். அந்த ஓட்டத்தைத்தான் அயல்நாட்டு நிருபர்கள் நேரில் கண்டார்கள். 1922 செப்டம்பரில் ஸ்மிர்னா துறைமுக நகரம் எரிந்தபோது, லண்டன் 'டெய்லி மெயில்' நிருபர் வார்டு பிரைஸ் போர்க்கப்பலில் இருந்தபடி அதைப் பதிவு செய்தார். அக்டோபரில் கிழக்குத் திரேஸ் துருக்கிக்குத் திரும்புவது உறுதியானது. மாடுகளும் எருமைகளும் இழுத்த வண்டிகளில் கிறிஸ்தவக் குடும்பங்கள் மழையிலும் சேற்றிலும் வெளியேறின. கனடாவின் 'டொராண்டோ டெய்லி ஸ்டார்' இதழுக்காக அதை எழுதியவர் எர்னஸ்ட் ஹெமிங்வே. அப்போது அவருக்கு 23 வயது.

மேலைநாட்டு ஏடுகளில் கிறிஸ்தவ அகதிகளின் துயரமே அதிக இடம் பெற்றது. முஸ்லிம்களின் துயரமும் அதே அளவு உண்மையானது. 1921இல் 'மான்செஸ்டர் கார்டியன்' நிருபராகச் சென்ற வரலாற்றாசிரியர் ஆர்னால்டு டாயின்பி, யலோவா பகுதியில் கிரேக்கத் தரப்பினர் முஸ்லிம்களுக்கு இழைத்த கொடுமைகளை வெளியிட்டார். அதனால், கிரேக்கர்களின் நன்கொடையால் நிறுவப்பட்ட லண்டன் பேராசிரியர் பதவியை 1924இல் அவர் துறக்க நேர்ந்தது.

லொசான் மாநாட்டில் மக்கள் பரிமாற்றத்தை முன்வைத்தவர் சர்வதேச சங்கத்தின் அகதிகள் ஆணையர் நான்சென். அதற்காக உலகம் நூறாண்டு விலை கொடுக்க நேரும் என்று பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் கர்சன் கண்டித்தார். ஆனாலும் மாநாடு அதை ஏற்றது.

1925இல் அமெரிக்காவின் 'நேஷனல் ஜியாகரபிக்' இதழ் இந்த இடப்பெயர்வைப் படங்களுடன் நீண்ட கட்டுரையாக வெளியிட்டது. நிருபர்கள் பதிவு செய்த வேதனை ராஜதந்திரிகளைத் தடுக்கவில்லை. 1937இல் பாலஸ்தீனத்தைப் பிரிக்கப் பரிந்துரைத்த பிரிட்டனின் பீல் ஆணையம், மக்களை இடம் மாற்றுவதற்கு இந்தப் பரிமாற்றத்தையே முன்னுதாரணமாகக் காட்டியது. கணக்கில் வெற்றியென்று எழுதப்பட்ட இந்தத் தீர்வு, அதை அனுபவித்த மக்களுக்கு அநீதியே.