கோடிச் சேலை
(பொன்விழா மாதர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



சேலையைப் பற்றிப் பேச இந்தச் சாமியாருக்கு என்ன தெரியும் என்று நீங்கள் நகைக்கலாம். வெள்ளை அங்கியன்றி வேறு உடை அறியோம். ஆயினும் இருபத்தைந்து ஆண்டுகளாகத் திருமணத்திலும் அடக்கத்திலும் முன்னே நின்று பார்த்து வருகிறோம்.

முன்பு வேறொரு பங்கில் ஒரு மூதாட்டியின் அடக்கம். நான்கு மணி என்று குறித்திருந்தோம். பெட்டியை மூட விடவில்லை. "தம்பி கோடி கொண்டு வாறாரு, சாமி" என்றார்கள். கிளைக் கிராமத்தில் மாலைப் பூசை வேறு இருந்தது. ஒரு சேலைக்காகவா இத்தனை தாமதம் என்று கடிந்துகொண்டோம். ஐந்து மணிக்கு அவர் வந்தார். வயது எழுபதுக்கு மேலிருக்கும். பேருந்து விட்டிறங்கி நடந்தே வந்திருக்கிறார். கையில் ஒரு நூல் சேலை, தறியிலிருந்து அறுத்த கஞ்சி மொடமொடப்போடு. அதைப் போர்த்திவிட்டு, "அன்னைக்கும் நம்ம வீட்டுச் சேலை, இன்னைக்கும் நம்ம வீட்டுச் சேலைதான், அக்கா" என்றார். நாம் வாய் திறக்கவில்லை.

கோடி என்றால் தண்ணீர் படாத புதுத்துணி. கட்டிக்கொடுத்த பெண்ணைப் பிறந்த வீடு கைவிடவில்லை என்று ஊரறியச் சொல்வது அது. சடங்கான பெண்ணுக்குத் தாய்மாமன் சேலை, மணப்பெண்ணுக்குக் கூறை எல்லாம் இவ்வாறு உறவு பேசும் துணிகளே. மயிலாடுதுறையின் கூறைநாடு, நூலும் பட்டும் கலந்து கட்டமிட்டு நெய்த கூறைப் புடவைக்குப் பேர்போனது.

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையைப் பாருங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓடும். நெய்பவருக்குப் பக்கத்தில் துணையாள் ஒருவர் வேண்டும். ஒவ்வொரு ஊடையிலும் இரு நிற இழைகளும் ஒன்றையொன்று கோத்துப் பிடிக்க வேண்டும். பிடி தவறினால் கரை தனியே விட்டுப்போகும்.

1985-ஆம் ஆண்டுச் சட்டம் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியது; பின்னர் அது 11 ஆகச் சுருங்கியது. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்பதோ நின்றபாடில்லை. விசைத்தறித் தொழிலாளியும் பாடுபட்டே பிழைக்கிறார்; அவரை நாம் குறை கூறவில்லை. பொய்ப் பெயர்தான் நெசவாளியின் அடுப்பை அணைக்கிறது.

தினமும் கைத்தறி உடுத்துங்கள் என்றால் உங்கள் கைக்கு எட்டாது. அதை நாமும் அறிவோம். கூறையும் கோடியுமாவது நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டு வாங்குங்கள். 2006-இல் வந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வெட்கப்படாமல் கடைக்காரரிடம் கேளுங்கள்.