வெந்நீர் ஒலியும் தண்ணீர் ஒலியும்

(மாணவர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

உரிமை, வேலைவாய்ப்பு, விடுதி வசதி என்று பேச வேண்டியவை எத்தனையோ இருக்க, வெள்ளி விழா ஆண்டில் நீரின் ஒலியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். இயற்பியல் நமக்கு எட்டாத பாடம் என்று அஞ்சி, பத்தாம் வகுப்போடு அதைக் கைகழுவும் பிள்ளைகள் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். அவர்களை எண்ணியே இப்பொருளை எடுத்துக்கொண்டோம். நம் அடுப்படியில் நாள்தோறும் நிகழ்வதையே இன்று ஆராயப் போகிறோம்.

தண்மையுடைய நீர் தண்ணீர். வெம்மையுடைய நீர் வெந்நீர். பேச்சு வழக்கில் இவ்வேறுபாடு தேய்ந்து, "சுடுதண்ணீர்" என்று கூடச் சொல்லிவிடுகிறோம். ஆனால் காது இவ்வேறுபாட்டை மறக்கவில்லை. ஒரே செம்பிலிருந்து ஒரே குவளையில் இரண்டையும் ஊற்றக் கேளுங்கள். தண்ணீர் கலகலவென்று கூர்மையாக ஒலிக்கும். வெந்நீர் சற்றே மழுங்கி, தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும். ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லசு சுபென்சும் அவருடன் பணியாற்றியோரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஊற்றும் ஓசையை மட்டும் கேட்டவர்கள் சூடானது எது, குளிர்ந்தது எது என்று பெரும்பாலும் சரியாகக் கூறினர். அவர்களுள் எவரும் இதற்கெனப் பயிற்சி பெற்று வந்தவர் அல்லர்.

காரணம் யாது? விழும் நீர் காற்றையும் உடன் இழுத்துச் சென்று, நீருக்குள் குமிழ்களாக அடைக்கிறது. அடைபட்ட காற்று சுருங்கியும் விரிந்தும் அதிர்கிறது. நாம் கேட்கும் கலகல ஒலியில் பெரும்பகுதி இக்குமிழ்களின் ஒலியே. மின்னார்ட் என்னும் அறிஞர் 1933-இல் இதற்கொரு கணக்கு வகுத்தார். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழ் வினாடிக்கு ஏறத்தாழ 3,200 முறை அதிரும். ஐந்து மில்லிமீட்டர் ஆரமுள்ளதோ ஏறத்தாழ 650 முறைதான். குமிழ் பெருக்கப் பெருக்கச் சுருதி தாழும்.

இனி வெப்பத்தின் பங்கைக் காண்போம். 20 டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை சூடேற்றினால் நீரின் பாகுநிலை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. பரப்பு இழுவிசையும் தளர்கிறது. ஆகவே நீர்த்தாரை உடையும் விதமும், காற்றை இழுத்துச் செல்லும் விதமும் மாறுகின்றன. வெந்நீரில் பெரிய குமிழ்கள் மிகுதியாக உண்டாவதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒலி தாழ்வதன் முதன்மைக் காரணம் இதுவே எனலாம்.

உயரத்திலிருந்து ஊற்றினால் ஓசை மிகும் என்பதை நம் முன்னோர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. கலம் படாமல், கை படாமல், குவித்த கைகளில் உயரத்திலிருந்து ஊற்றப்பட்ட நீரைக் குனிந்து பருகியவர்கள் அவர்கள். உயரமும் வெப்பமும் நீரின் ஒலியை மாற்றும். பருகுபவரின் பிறப்பு மாற்றாது. 1927 மார்ச் 20 அன்று மகத்தில் சவ்தார் குளத்து நீரை அண்ணல் அம்பேத்கர் அள்ளிப் பருகியபோதும் அது அதே நீராகத்தான் இருந்தது. தீட்டு கழிப்பதாகச் சொல்லிக் குளத்துக்குச் சடங்கு செய்தவர்களுக்கு நீரின் இயல்பும் தெரியவில்லை, மனிதரின் இயல்பும் தெரியவில்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பறையைத் தீயில் காய்ச்சினால் அதன் ஒலி கூர்மையாகிறதே; நீரைக் காய்ச்சினால் மட்டும் ஏன் மழுங்குகிறது? அதிர்வது எது என்று கேட்டால் விடை கிடைக்கும். பறையில் அதிர்வது தோல். தீயின் வெப்பம் தோலின் ஈரத்தைப் போக்குகிறது. தோல் சுருங்கி விறைக்கிறது. விறைத்த தோல் விரைந்து அதிர்கிறது. நீரிலோ அதிர்வது குமிழ். அது பெருக்கிறது, மெல்ல அதிர்கிறது. பறையடித்தலைக் கட்டாய ஊழியமாகத் திணித்ததை எதிர்த்து, "இனி அடியோம்" என்று மறுத்த நம் பெரியோர்களின் மறுப்பு நியாயமானதே. ஆயினும், எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும், எந்தப் பதத்தில் தீயினின்று எடுக்க வேண்டும் என்று காதால் கணித்த அந்தக் கலைஞரின் அறிவு இழிவானதன்று. அது ஏட்டில் ஏறாத இயற்பியல்.

தாய்மார்களின் அறிவும் அத்தகையதே. உலை வைத்துவிட்டு அரிசி களைந்துகொண்டிருப்பவர், திரும்பிப் பாராமலே உலையின் நிலையை அறிவார். முதலில் உலை இரையும். பானையின் அடியில் உண்டாகும் ஆவிக்குமிழ்கள், மேலே இன்னும் சூடேறாத நீரைத் தொட்டதும் நசுங்கி மறைகின்றன. எண்ணற்ற குமிழ்கள் நசுங்கும் ஓசையே அவ்விரைச்சல். நீர் முழுவதும் 100 டிகிரியை நெருங்கியதும் குமிழ்கள் நசுங்காமல் மேலே வந்து உடைகின்றன. இரைச்சல் தணிந்து தளதளப்பு தொடங்குகிறது. கொதிக்கும் உலையைவிடக் கொதிக்கப்போகும் உலையே மிகுதியாக இரைவதன் காரணம் இதுதான். தோசைக்கல்லின் செய்தி வேறு. அளவாகக் காய்ந்த கல்லில் தெளித்த நீர் "சுர்ர்" என்று மறையும். மிகவும் காய்ந்த கல்லிலோ முத்து முத்தாக உருண்டோடி, மறைய நேரமெடுக்கும். துளியின் அடியில் தோன்றும் ஆவிப்படலம் அதைக் கல்லினின்று தாங்கிப் பிடிக்கிறது. செருமானிய மருத்துவர் லைடன்பிராசுட் 1756-இல் இதை எழுதிவைத்ததால் இது அவர் பெயரால் வழங்குகிறது. எழுதிவைத்தவர் பெயரே நிற்கிறது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

நீருக்குள் ஒலி செல்லும் வேகமும் வெப்பத்தால் மாறும். 1826-இல் ஜெனீவா ஏரியில் நீருக்குள் மணியடித்து, தொலைவில் மற்றொரு படகில் இருந்து கேட்டு, கொலடோனும் இசுடர்மும் அவ்வேகத்தை அளந்தனர். 8 டிகிரி வெப்பமுள்ள நீரில் வினாடிக்கு 1,435 மீட்டர் கிடைத்தது. 20 டிகிரியில் அது ஏறத்தாழ 1,482 மீட்டர். ஏறத்தாழ 74 டிகிரி வரை ஏறி, பின்னர் இறங்குகிறது. ஆனால் குவளையில் ஊற்றும் நீரின் சுருதி தாழ்வதற்கு இவ்வேகம் காரணமன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நாம் சொன்னதை அப்படியே நம்பிவிட வேண்டா. இரண்டு ஒரேமாதிரியான குவளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே உயரத்திலிருந்து, ஒரே அளவு நீரை, ஒரே வேகத்தில் பெரியவர் ஒருவர் ஊற்றட்டும். கண்ணைக் கட்டிக்கொண்டவர் சூடா, குளிர்ச்சியா என்று சொல்லட்டும். வரிசையை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். இருபது முறை செய்து, ஒவ்வொரு விடையையும் உடனுக்குடன் குறித்துக்கொள்ளுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலும் பத்து சரியாக வரலாம். பதினாறு, பதினேழு வந்தால்தான் காது கேட்டது என்று பொருள். கொதிநீரைச் சிறு பிள்ளைகள் கையில் தர வேண்டா. குறிப்பேட்டை அடுத்த மாதக் கூட்டத்துக்கு எடுத்துவாருங்கள். எல்லார் கணக்கையும் கரும்பலகையில் எழுதி ஒன்றாகக் கூட்டிப் பார்ப்போம்.