மைதானத்தில் நீர் நின்றால் ஆடுவதா, தள்ளிப்போடுவதா?

(அணித்தலைவர்கள் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



தென்மேல் பருவமழை மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர் வரை விடாது. நமது உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியும் அதற்குள்தான் வருகிறது. "வேன் பிடித்து வந்துவிட்டார்களே, ஆடவிடுவோம்" என்ற கதை இனி வேண்டாம். சென்ற வருடம் அப்படித்தான் ஆடவிட்டோம். கோல் முன்னால் சேற்றில் கால் புதைந்து ஒரு தம்பிக்கு முழங்கால் பிசகியது. 2 மாதம் அவருக்குப் பேர் விழவில்லை. வேலையில் பட்ட அடிக்குத்தான் சட்டப்படி நட்டஈடு. விளையாட்டில் பட்டதற்குக் கிடையாது. நாம் சேர்த்துக் கொடுத்த பணம் அவருடைய கடைக்கடனுக்கே போதவில்லை.

ஆகவே ஆட்டத்துக்கு 2 மணித்தியாலம் முன்பே பந்தோடு மைதானத்துக்குப் போவோம். இரு கோல் முன்பும், நடுவிலும், நான்கு மூலையிலும் தோள் உயரத்திலிருந்து பந்தை விடுவோம். எழும்பாமல் சொத்தென்று நின்றால் அந்த இடம் ஆகாது. உருட்டியும் பார்க்கவேண்டும். நடுவில் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது. கோல்காப்பாளர் விழுந்தெழும்பும் பள்ளம்தான் முதலில் குளமாகும். கோல் கம்பத்தையும் அசைத்துப் பாருங்கள், மண் இளகியிருந்தால் சாயும். லயத்துக் கான் தண்ணீர் உள்ளே வந்திருந்தால் பந்து எழும்பினாலும் ஆட்டமில்லை. காலில் சிறு கீறல் இருந்தாலே எலிக்காய்ச்சல் தொற்றலாம்.

மத்தியஸ்தர் வேண்டாமென்றால் வேண்டாம்தான். வந்த அணியின் வேன் கூலியில் பாதியைச் சங்கம் ஏற்கும். மறு திகதியை அன்றே, மைதானத்தில் வைத்தே சொல்லிவிடுவோம்.